ஆறாம் பயிற்சி

அத்தியாயம் 19

முப்பத்திரண்டு விடைத்தாள்களில் முப்பத்தொன்று ஒரே மாதிரி இருந்தன. நான்காம் கேள்விக்கு எல்லோரும் "சரி" என்றே எழுதியிருந்தார்கள். சிலர் அரைப் பக்கம், சிலர் ஒன்றரைப் பக்கம். பாடத்தை எழுதியவரின் மேசைக்குத்தான் தாள்கள் கடைசியில் வந்து சேரும் என்று தெரிந்த பிறகு, யார்தான் "தவறு" என்று எழுதுவார்கள்?

முப்பத்திரண்டாவது தாளில் ஒரே ஒரு வரி.

"பெரியம்மா, அந்தக் கடிதம் இப்போது எங்கே இருக்கிறது?"

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். வரி மாறவில்லை. காலை மணி பத்தரை.

போன அத்தியாயத்தில், அதாவது நேற்று மாலை, அவரை நாம் மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். கைப்பையில் அண்ணன் கொடுத்த படிவம். நாளைக் காலை அண்ணனுக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை. நோயாளிக்கு நினைவில்லாத நிலையில் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்று அந்தப் படிவம் கேட்கிறது. அந்த இடத்தில் அண்ணன், பதினொரு வருடமாகத் தன்னோடு ஒரு வார்த்தை பேசாத கடைசித் தங்கையின் பெயரை எழுதியிருந்தார். "சமாதானம், குட்டிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

சமாதானம் என்பது வீட்டில் பேராசிரியைக்கு வைத்த பெயர். அமைதி ஆய்வு நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? குட்டிக்கும் வயது நாற்பத்தொன்பது ஆகிறது. பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்றை நடத்துகிறாள். குட்டி என்ற பெயர் மட்டும் வளர மறுத்துவிட்டது.

சண்டைக்குக் காரணம் ஒன்றுதான். அப்பா செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். குட்டி வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். டாக்டர்கள் அண்ணனைக் கேட்டார்கள். அண்ணன் மருந்துக் கடை வைத்திருப்பவர், விஷயம் தெரிந்தவர். "எடுத்துடுங்க" என்றார். குட்டி வந்து சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் தாமதம். "ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியாத அவசரமா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாள். அன்றோடு சரி.

படிவத்தைக் குட்டியிடம் கொடுப்பதா, வேண்டாமா? இரவு முழுவதும் யோசித்துப் பேராசிரியை ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இது சரியான நேரம் இல்லை. புதுப் படிவம் ஒன்று வாங்கித் தானே கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆபரேஷன் முடிந்து அண்ணன் தேறிய பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த முடிவோடுதான் நிலையத்துக்கு வந்தார். வந்ததும் இந்தத் தாள்.

"சரியான நேரம்" என்பதுதான் அவருடைய பிழைப்பே. இளவயதில் கூடாரங்களிலும், ஓட்டை விழுந்த பள்ளிக்கூடங்களிலும் உட்கார்ந்து, சண்டையிட்ட இரு தரப்பு ஆட்களையும் ஒலிநாடாவில் பதிவு செய்தவர். ஒரு தரப்பு இறங்கி வந்து சொல்லியனுப்பும் செய்தி எப்போது மறு தரப்பின் கைக்குப் போகிறது என்பதை மட்டும் பார்த்தார். கோபம் கொதிக்கும்போது போன செய்தி சண்டையைப் பெரிதாக்கியது. இருவரும் களைத்த பிறகு போன செய்தி வேலை செய்தது. அறுபத்து மூன்று செய்திகளை இப்படித் தொடர்ந்து பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். அதில் வந்த "கனிந்த வேளை" என்ற சொல் அவரைப் பேராசிரியை ஆக்கியது. பத்திரிகையில் பேட்டி வந்த நாளிலிருந்து வீட்டில் காப்பி வரத் தாமதமானால்கூட "இன்னும் கனியலையா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் புத்தகத்தை மாணவர்களுக்குப் புரியவைக்க அவர் தயாரித்த பன்னிரண்டு பயிற்சிகளில் ஆறாவது இது. மேல்கரை, கீழ்கரை என்று இரண்டு ஊர்கள். இடையில் ஒரு மதகு. வெள்ளம் வந்த நாளில், கீழ்கரை ஆட்கள் வந்து சேர்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மேல்கரைத் தலைவர் மதகைத் திறந்துவிடுகிறார். பேச்சு வார்த்தை அறுந்துபோகிறது. நூற்றிருபத்தெட்டாம் நாள் மேல்கரைத் தலைவர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதி, நடுவரான மூன்றாம் தரப்பிடம் கொடுக்கிறார். நடுவர் அதைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கிறார். கேள்வி நான்கு: மூன்றாம் தரப்பு செய்தது சரியா?

ஊர்கள் இரண்டும் கற்பனை. நாள் கணக்கு கற்பனை இல்லை.

குட்டியின் மகள் இந்த வருடம் முதுகலையில் சேர்ந்தபோது, சொந்தக்காரப் பெண்ணுக்குத் தான் பாடம் எடுப்பது முறையில்லை என்று பேராசிரியை அந்த வகுப்பை இளைய விரிவுரையாளரிடம் ஒப்படைத்தார். முறை எல்லாம் சரிதான். ஒப்படைத்த பாடங்களில் ஆறாம் பயிற்சி இருப்பதை மட்டும் மறந்துபோனார்.

கதவு தட்டப்பட்டது. தட்டியது அந்தப் பெண்தான். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். இன்று முகத்தில் வாலுத்தனம் எதுவும் இல்லை.

"உள்ள வா. கதவைச் சாத்து."

"இங்க பெரியம்மான்னு கூப்பிடலாமா, மேடம்னு கூப்பிடணுமா?"

"அதான் தாள்லயே எழுதியாச்சே. உக்காரு."

வாலு உட்காரவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"எங்க வீட்ல கடிகாரம் நின்னாலும் நிக்கும், அந்த வசனம் நிக்காது. பஸ் முன்னாடியே கெளம்பிட்டா, நான் பாத்ரூம் கதவைத் தட்டினா, எல்லாத்துக்கும் 'ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியாத அவசரமா?' தான். கீழ்கரைத் தலைவர் அப்படியே பேசறாரு. மொதல்ல சிரிப்பு வந்துது. பக்கத்துல இருந்தவகிட்ட இது எங்கம்மா டயலாக்குனு சொல்லிச் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நூத்தியிருபத்தெட்டாம் நாள் வந்துது. சிரிப்பு போயிடுச்சு." வாலு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "மாமா நெசமாவே லெட்டர் எழுதினாரா?"

"எழுதினார்."

"அம்மா இத்தனை வருஷமா ஒண்ணுதான் சொல்லிட்டிருக்காங்க. ஒரு வார்த்தை வருத்தம்னு சொல்லியிருந்தா போதும்னு. உங்க முன்னாடியும் சொல்லியிருக்காங்க. நீங்களும் தலையாட்டினீங்க."

"உங்கம்மா அப்ப இருந்த நெலமையில அந்தச் செய்தி போயிருந்தா எதிர்வினை..."

"பெரியம்மா, இது வகுப்பு இல்ல."

பேராசிரியை விடைத்தாள் கட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இந்தப் பயிற்சி எத்தனை வருஷமா நடக்குது?"

"ஒம்போது."

"வருஷத்துக்கு முப்பது பேர்னு வச்சாலும் எரநூத்தி எழுபது பேர். அத்தனை பேருக்கும் தெரியும். எங்கம்மாவுக்குத் தெரியாது."

நிலையத்தில் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவருக்கு, ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

"நான் இன்னும் அம்மாகிட்ட சொல்லல" என்றாள் வாலு. "நீங்க சொன்னாத்தான் நல்லாயிருக்கும். ஆனா இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்கு மாமாவை உள்ள கூட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு இந்தக் கனியிறதெல்லாம் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சொல்லிடுவேன்."

போகும்போது கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள். அடித்துச் சாத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடிதம் எங்கேயும் போகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் உள்ள இரும்பு அலமாரியில், ஆறாம் பயிற்சிக்கான கோப்பில், கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்தது. உறையின்மேல் அவர் கையாலேயே சீட்டு ஒட்டியிருந்தார். "செய்தி. 128ஆம் நாள். நிறுத்தி வைக்கப்பட்டது." அண்ணன் எழுதிய கடிதத்துக்குச் சீட்டு ஒட்டிய அந்தக் கையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

முதல் வருடம் அவர் உண்மையாகவே நம்பினார். குட்டி அப்போது அண்ணன் பெயரைச் சொன்னாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மூன்றாம் வருடம் கோபம் அடங்கியிருந்தது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி முளைத்துவிட்டது. இவ்வளவு நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால்? அதன் பிறகு வேளை, கனிவு எல்லாம் சாக்கு. அவருக்குப் பயம். அதைப் பயிற்சியில் எழுதவில்லை.

எழுதாதது இன்னொன்றும் உண்டு. கடிதம் கொடுத்த ஆறாம் மாதம் அண்ணன் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தபடி, தலை நிமிராமல் கேட்டார். "அதைக் குடுத்துட்டியா?" இவர் "ம்" என்றார். அண்ணன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பதில் வராத கடிதத்துக்காக ஒரு மனிதர் அன்றிலிருந்து வாய்விடாமல் காத்திருந்தார்.

கைபேசி அடித்தது. கணவர். வானொலியில் முப்பது வருடம் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். வாசிப்பு மட்டும் ஓய்வு பெறவில்லை.

"முக்கியச் செய்திகள். ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன் வந்துது, படிவம் அஞ்சு மணிக்குள்ள வேணுமாம். அப்புறம் அந்தப் பேச்சுவார்த்தைக் குழு ஆபீஸ்லேர்ந்தும் கேட்டாங்க. ஆலோசகரா வர்றீங்களா இல்லையான்னு இன்னிக்கே தெரியணுமாம். எதிர்த் தரப்புகிட்டேர்ந்து ஏதோ செய்தி வந்திருக்காம். எப்பக் குடுக்கலாம்னு உன்னைக் கேட்டுத்தான் குடுப்பாங்களாம். விரிவான செய்திகள் சாப்பாட்டுக்கு வந்தா சொல்றேன்."

"சாப்பாட்டுக்கு வரலீங்க. குட்டி கடைக்குப் போறேன்."

"கையெழுத்துக்கா? நீயே போடப்போறேன்னு காலைல சொன்னியே?"

"வேற ஒண்ணும் குடுக்க வேண்டியிருக்கு."

கணவர் ஒரு நொடி பேசவில்லை. வானொலிக்காரர்களுக்கு ஒரு நொடி மௌனம் என்பது பெரிய விஷயம். "சரி, பாத்துப் போ" என்று சாதாரணக் குரலில் சொன்னார்.

பள்ளி திறக்கும் மாதம். குட்டியின் கடையில் உட்கார இடமில்லை. நீலக் கால்சட்டைகள் ஒரு குவியல், வெள்ளைச் சட்டைகள் ஒரு குவியல், எண் எழுதிய துணிப்பைகள் சுவர் ஓரமாக. குட்டி கழுத்தில் அளவு நாடாவோடு, வெட்டு மேசைமேல் குனிந்து சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

"என்னக்கா இந்த நேரத்துல? காலேஜ் இல்லையா?"

வரும் வழியெல்லாம் பேராசிரியை வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்திருந்தார். முதலில் அண்ணன் உடல்நிலை, பிறகு அந்தக் காலத்துச் சூழ்நிலை, பிறகு கடிதம். வாசலில் கால் வைத்ததும் அடுக்கு சரிந்துவிட்டது. பையைத் திறந்து உறையை எடுத்துத் துணிமேல் வைத்தார்.

குட்டி முதலில் பார்த்தது சீட்டைத்தான். "நிறுத்தி வைக்கப்பட்டதுன்னா என்னக்கா?"

"உள்ள பாரு."

"மருந்துக் கடைக்காரர் எழுத்தாச்சே இது." பதினொரு வருடமாக அண்ணனுக்கு அவள் வாயில் அதுதான் பெயர்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் பிரித்தாள். சின்னக் கடிதம்தான்.

"குட்டி, டாக்டர் என்னைக் கேட்டார். மருந்து தெரியும் என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன். உனக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். அப்பா மூச்சுக்குத் திணறுவதை என்னால்தான் பார்க்க முடியவில்லை. அப்பாவுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்காகத்தான். மன்னித்துவிடு. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. கடையில்தான் இருப்பேன்."

குட்டி ஒருமுறை படித்தாள். மேலே போய் தேதியைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். உள்ளே தையல் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த பெண் என்ன நினைத்தாளோ, காலை எடுத்துவிட்டாள். கடை அமைதியானது.

"கடையில்தான் இருப்பேன்னு எழுதியிருக்காரு" என்றாள் குட்டி. "நான் அந்தத் தெரு வழியாப் போறதையே விட்டுட்டேன்."

"குட்டி, நீ அப்ப இருந்த கோவத்துல இதைக் குடுத்திருந்தா கிழிச்சுப் போட்டிருப்பே."

"ஆமா. கிழிச்சிருப்பேன்."

பேராசிரியைக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. அந்த நிலையிலும் புத்தி அந்தப் பக்கம்தான் ஓடியது. அப்படியானால் கணிப்பு சரிதானே?

"கிழிச்சிட்டு, அன்னிக்கு ராத்திரியே உக்காந்து ஒட்டியிருப்பேன்" என்றாள் குட்டி. "கிழிக்கிறதும் ஒட்டுறதும் என் வேலைக்கா. உன்னை யாரு கேட்டா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் பேராசிரியைக்குச் சமாளிக்கத் தெரியும், கத்துகிறவர்களிடம் பேசியே வயசானவர். குட்டி கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து, சட்டைத்துணி ஒன்றின்மேல் வைத்தாள்.

"இன்னொரு காகிதமும் இருக்கு" என்று பேராசிரியை அண்ணனின் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இதை எத்தனை நாளா வச்சிருந்தே?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

"குடுக்கறதா இருந்தியா?"

ஒரு பொய்க்கு இடமிருந்தது. நல்ல, வசதியான இடம். "இல்ல" என்றார் பேராசிரியை. "புதுசா ஒண்ணு வாங்கி நானே கையெழுத்துப் போடலாம்னு இருந்தேன்."

குட்டி படிவத்தை வாங்கிப் படித்தாள். நினைவில்லாத நிலையில் முடிவெடுப்பவர் என்ற இடத்தில் தன் பெயர். உறவு: தங்கை. அதன் கீழே, எதுவும் எழுதத் தேவையில்லாத ஓரத்தில், மருந்து உறைகளில் எழுதிப் பழகிய அதே கிறுக்கல். "எவ்வளவு நேரமானாலும் இவர் வரும்வரை காத்திருக்கவும்."

குட்டி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள். மேசைமேல் வைக்கப் போனவள் வைக்காமல் அப்படியே நின்றாள். அவள் அழுவதைப் பேராசிரியை அப்பா போன அன்று பார்த்தது. இன்று அதே அழுகை, சத்தம் மட்டும் இல்லை. தொடப் போன கையைக் குட்டி தட்டிவிட்டாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கடிதம், படிவம் இரண்டையும் பையில் போட்டாள்.

"பேனா தரட்டுமா?" என்றார் பேராசிரியை.

"நான் அவர் முன்னாடி போய் நிக்கணும். போடறதா வேண்டாமான்னு அங்க பாத்துக்கறேன்."

"நானும் வரேன் குட்டி. ரெண்டு பேரும் திடீர்னு பாத்துக்கிட்டா..."

"நீ வர வேண்டாம்." குட்டி செருப்பை மாட்டினாள். "இங்கயே உக்காரு. நாலரைக்கு ஒருத்தர் வருவாரு. ஏழாம் நம்பர் பை, ரெண்டு கால்சட்டை. கேட்ட ஒடனே குடுத்துடு. குடுப்பேல்ல? இல்ல, அவரும் கனியணுமா?"

பதிலுக்கு நிற்கவில்லை.

அமைதி ஆய்வு நிலையத்தின் மூத்த பேராசிரியை, வெள்ளைச் சட்டைகளுக்கும் நீலக் கால்சட்டைகளுக்கும் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். கைபேசியில் பேச்சுவார்த்தைக் குழுவின் கடிதத்தைத் திறந்தார். "தங்கள் கனிந்த வேளை என்ற கருத்தின் அடிப்படையில்" என்று தொடங்கியது. யாரோ ஒருவருக்கு யாரோ எழுதிய வார்த்தைகள் எங்கோ ஒரு மேசைமேல் இவருடைய சொல்லுக்காகக் காத்திருந்தன. பதில் எழுதத் தொடங்கி, இரண்டு சொற்களோடு, அனுப்பாமல் நிறுத்தினார்.

நாலரைக்கு அந்த மனிதர் வந்தார். வாயைத் திறப்பதற்குள் ஏழாம் நம்பர் பையை அவர் கையில் திணித்துவிட்டார் பேராசிரியை. அந்த மனிதர் கொஞ்சம் மிரண்டுதான் போனார்.

ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கைபேசி அடித்தது. அண்ணன் எண்.

"சமாதானம்."

"சொல்லுண்ணா."

"குட்டி வந்திருக்கா."

"ம்."

"கையில என் லெட்டரை வச்சிருக்கா. இன்னிக்குத்தான் கெடச்சுதுங்கறா." அண்ணன் மூச்சு வாங்கினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. "கடையில வச்சு உன்னைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா? நீ 'ம்'னு சொன்னே."

சண்டையிட்ட தரப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் எப்போது பேச வேண்டும், எவ்வளவு பேச வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அவர் நானூறு பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு பக்கமும் இப்போது கைகொடுக்கவில்லை.

"பொய் சொன்னேண்ணா" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கருவி சீராகப் பீப், பீப் என்றது. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஓசை. பிறகு குட்டியின் குரல், கைபேசிக்குக் கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாகவே கேட்டது.

"அண்ணா, நீ ஃபோனை வை. அக்காவை அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணா. பதினொரு வருடத்தில் முதல் தடவை.

இணைப்பு அறுந்தது. இருவரும் இப்போது ஒரு பக்கம் இருந்தார்கள். இத்தனை வருடமும் பேராசிரியை ஆசைப்பட்டது அதுதான். மறு பக்கத்தில் தான் ஒருத்திதான் இருக்கிறோம் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தாகியது. படிவத்தில் கையெழுத்து விழுந்ததா என்று அவர் கேட்கவே இல்லை. திருப்பி அழைத்துக் கேட்கலாம் என்று எண்ணைத் தேடி எடுத்தார். விரல் அதை அழுத்தவில்லை.